சுவரைப் பார்த்த பொட்டு

ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் சாந்தகுமாரியின் வீட்டு அழைப்புமணி அந்த வியாழக்கிழமை காலை பத்தரைக்கு மூன்று முறை விடாமல் அடித்தது. ஒருமுறை அடித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் கல்யாணப் பத்திரிகையோடு வருபவர்கள். மூன்று முறை அடிப்பவர்கள் தலைபோகிற காரியமாக வருபவர்கள். அதிகாலைப் பஸ் ஓட்டி முடித்துவிட்டுச் சமையலறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பழனிவேல், கோப்பையை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். யாருக்காவது பிரச்சினை என்றால் அவருக்கு அப்படி ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும்.

வந்தவள் பெயர் மஹதி. இருபத்தொன்பது வயது, கோயம்புத்தூர்ப் பெண். வெஸ்ட்கேட்டைத் தாண்டி, பழைய பழத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிறிய உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகத்தில் பொருள்களைப் பராமரிக்கும் வேலை. கோயிலில் யாரோ சாந்தகுமாரியின் முகவரியைக் கொடுத்திருந்தார்கள். தேர்க் கொட்டகைச் சாவி தொலைந்தபோது அதைப் பிரசாத வாளியிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் என்ற புகழ் அந்த அம்மாளுக்கு உண்டு.

"ஆன்ட்டி, இன்னைக்கு மூணு மணிக்கு மீட்டிங். என்னை வேலையை விட்டு எடுக்கப் போறாங்க. வேலை போனா விசா போச்சு. ரெசிடென்ஸ் அப்ளிகேஷன் பாதியில நிக்குது. அஞ்சு வருஷம் இங்க இருந்ததுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும்."

"இரும் பிள்ளை. முதல்ல மூச்சு விடும்," என்றார் சாந்தகுமாரி. "என்ன உடைஞ்சது?"

மஹதி திகைத்தாள். உடைந்தது என்று அவள் இன்னும் சொல்லவே இல்லை.

"சாமான் பார்க்கிற வேலை. காணாமப் போயிருந்தா பொலிசைக் கூப்பிட்டிருப்பினம். உம்மைக் கூப்பிட்டு மீட்டிங் வைக்கினம் எண்டா, ஏதோ உடைஞ்சிருக்கு."

உடைந்தது அருங்காட்சியகத்தின் பெருமையான பழைய பழம் பிழியும் பொறி. மரச்சட்டங்களை இரும்பு வளையத்தால் இறுக்கிச் செய்த கூடை, அதற்கு மேலே அமுக்குப் பலகை, பலகையை இறக்கவும் ஏற்றவும் ஆளுயரத்தில் ஒரு திருகு. கூடைக்குள் பார்வையாளர்களுக்காக மர ஆப்பிள்கள் நிரம்பியிருக்கும். இன்று காலை எட்டு மணிக்கு இயக்குநர் ஹெலன் வந்து பார்த்தபோது முன்பக்கச் சட்டம் ஒன்று மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. பொறியின் மேல் மஞ்சள் பொட்டுகள் இருந்தன.

"நேத்து ஆயுத பூஜை. அங்க வேலை செய்யறதுல பொட்டு வைக்கிற பொண்ணு நான் ஒருத்திதான். அதனால உடைச்சதும் நான்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. ஆனா எனக்கு ஒண்ணுமே தெரியாது ஆன்ட்டி. நான் தொடவே இல்ல."

சாந்தகுமாரி இருபத்திரண்டு வருடம் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைச் சோதித்தவர். இந்த நாட்டுக்குள் வெளிநாட்டுப் பழமோ விதையோ செருப்பில் ஒட்டிய மண்ணோ வரக்கூடாது. அதைப் பிடிப்பதுதான் அவர் வேலை. அவர் மஹதியின் முகத்தைப் பார்க்கவில்லை, வலது கை மோதிரவிரலைப் பார்த்தார்.

"பிள்ளை, 'ஒண்டும் இல்லை' எண்டு சொன்ன ஆக்களின்ர பெட்டியைத்தான் நான் முதல்ல திறக்கிறனான். உம்மட நகத்துக்கு அடியில என்ன மஞ்சள்?"

மஹதி விரலை மடக்கினாள். பிறகு அழுதாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரியாத பெண்.

"போன வாரமே ஹெலன்கிட்ட கேட்டேன். மியூசியம் பொருள் மேல எதையும் பூசக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. எங்க வீட்டுல லேத் பட்டறை ஆன்ட்டி. பூஜை அன்னைக்கு ஒரு மிஷின் வெறும் நெத்தியோட நின்னா எனக்கு மனசு கேட்கல. நேத்து மியூசியம் லீவு. மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் போய் மஞ்சளைக் குழைச்சு, நடுவுல குங்குமம் வெச்சு, மூணு பொட்டு வெச்சேன். முன் தூண்ல ஒண்ணு, கூடை வளையத்துல ஒண்ணு, உச்சில கைப்பிடி சேர்ற இரும்புக் குமிழ்ல ஒண்ணு. இரும்புல மெழுகு பூசியிருக்கு, ஈரத்துணியால துடைச்சாப் போயிடும். காலைல ஒன்பது மணிக்கு முதல் ஆளாப் போய்த் துடைச்சிடலாம்னு இருந்தேன். ஹெலன் எட்டு மணிக்கே வந்துட்டாங்க. என்னைக் கேட்டதும் பயத்துல எதுவுமே தெரியாதுன்னு சொல்லிட்டேன். இப்பப் பொய்யும் சேர்ந்துடுச்சு."

"மூண்டு பொட்டும் முன்பக்கமோ?"

"ஆமா ஆன்ட்டி. நெத்தி முன்னாலதானே இருக்கும்?"

"திருகைத் திருப்பினீரோ?"

"ஐயோ! பூஜைல வெச்ச மிஷினை யாராவது அன்னைக்கு ஓட்டுவாங்களா? இன்னைக்குத்தான் அதைக் கழட்டிப் பலகைக்கு அடியைப் போட்டோ எடுக்கிறதா இருந்தது. செஞ்ச வருஷம் அங்க பொறிச்சிருக்கலாம்னு ஒரு சந்தேகம்."

"பின்கதவுத் திறப்பு ஆரிட்ட இருக்கு?"

அந்தச் சாவி நான்கு பேரிடம் இருந்தது. ஹெலன். மஹதி. பொறியைக் கொடுத்த குடும்பத்துப் பேரனும் நிர்வாகக் குழுத் தலைவருமான ஆன்டன். தொண்டர்களின் பிரதிநிதியான தவராசா. கேமரா முன்வாசலில் மட்டும்.

பழனிவேல் கார்ச் சாவியை ஏற்கெனவே கையில் எடுத்திருந்தார். "அக்கா, அந்த ஆன்டன் மேலதான் எனக்கு டவுட்டு."

"அந்த மனிசனை நீர் இன்னும் காணவே இல்லை."

"அதான்க்கா டவுட்டு."

வேலையிடத்து விசாரணைக்குத் துணையாக ஒருவரை அழைத்துப் போகலாம் என்பது இந்த நாட்டு வழக்கம். துணைக்கு ஒருவரை என்றால் இரண்டு பேர் வந்து நிற்பது நம்மவர் வழக்கம். அருங்காட்சியக வாசலில் மூவரையும் பார்த்த ஹெலன் முகம் சுளித்தாலும் தடுக்கவில்லை. ஐம்பது வயதுக்காரி, கண்டிப்பானவள், கெட்டவள் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன் சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டிருந்தாள். தேநீர்க் கோப்பையைக்கூட இடது கையால்தான் தூக்கினாள்.

வெளியே வெயிலும் மழையும் மாறிமாறி வந்துகொண்டிருந்தன. அக்டோபர் மாதத்து ஆக்லாந்துக்கு ஒரு வேளைக்கு ஒரு புத்தி. மணி ஒன்றேகால்.

பொறி ஒரு மாடத்துக்குள் நின்றது. முதுகுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண்தான் இடைவெளி. முன் தூணில் பொட்டு இருந்தது. வளையத்திலும் இருந்தது. உச்சிக் குமிழின் முன்பக்கம் வெறுமையாக இருந்தது.

"துடைச்சிட்டாங்களோ?" என்றார் பழனிவேல்.

"உம்மட போனைப் பின்னால விட்டு ஒரு படம் எடும்."

பழனிவேல் கையை நீட்டி, தோள் சுவரில் உரச, படம் எடுத்தார். மூன்றாவது பொட்டு குமிழின் பின்பக்கம், சுவரைப் பார்த்தபடி இருந்தது. ஒரு ஓரம் இழுபட்டிருந்தது. சாந்தகுமாரி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து கூடைக்குள் பார்த்தார். அமுக்குப் பலகை மர ஆப்பிள்களின் மேல் இறுகி உட்கார்ந்திருந்தது. காய்ந்துபோன சட்டம் அந்த அழுத்தம் தாங்காமல்தான் பிளந்திருந்தது.

ஹெலனின் மேசையில் மஹதி எழுதிய பராமரிப்பு அறிக்கை கிடந்தது. படித்ததற்கு அடையாளமாக ஹெலனும் ஆன்டனும் கையெழுத்திட்டிருந்தார்கள். அதன் முதல் பக்கத்திலேயே ஒரு எச்சரிக்கை இருந்தது. இந்தத் திருகின் மரை வழக்கத்துக்கு மாறானது, இடப்பக்கம் திருப்பினால் இறுகும், வலப்பக்கம் திருப்பினால் தளரும்.

சமையலறையில் சூடேற்றியின் கம்பி மேல் ஒரு சோடி வெள்ளைப் பருத்திக் கையுறை காய்ந்துகொண்டிருந்தது. அருங்காட்சியகப் பொருள்களைத் தொட எல்லோரும் போடுவது. உள்ளங்கைகளில் செங்கல் நிறத்தில் ஒரு கறை. பக்கத்துத் தொட்டியில் சோப்புக்கட்டி.

"துரு," என்றாள் ஹெலன். "கொட்டகையில் பழைய டிராக்டர் இருக்கிறது. இங்கே எல்லாவற்றிலும் துருதான்."

"யார் கழுவியது?"

"தெரியாது. காலையில் வந்தபோது ஈரமாகத் தொங்கியது."

சாந்தகுமாரி கையுறையை முகர்ந்து பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே போட்டுவிட்டார். இரண்டு மணிக்கு ஆன்டன் வந்தான். நாற்பது வயது, பெரிய கைகள், அடக்கிவைத்த கோபம். "நான் ஏழு வயதில் அந்தக் கைப்பிடியில் தொங்கியிருக்கிறேன். தாத்தா பழத்தைக் கொட்டுவார், நான் பலகையைத் தூக்குவேன்," என்றவன் காற்றில் கைப்பிடியைப் பிடித்து வலப்பக்கமாகச் சுற்றிக் காட்டினான். "நூறு வருடம் தாங்கியது. ஒரு நாள் சடங்கில் உடைத்துவிட்டார்கள்."

மஹதி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தவர் தவராசா. அறுபத்தெட்டு வயது, தேய்த்த சட்டை, வழுவழுப்பான சவரம். இலங்கையில் இயந்திரப் பொறியியலாளர். அகதியாக வந்த நாட்டில் அந்தப் படிப்பை யாரும் கேட்கவில்லை, இருபது வருடம் டாக்சி ஓட்டினார். ஓய்வுக்குப் பிறகு இங்கே வழிகாட்டியாகச் சேர்ந்து, 1902இல் செய்த இந்தப் பொறியின் கதையைப் பத்து வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறார். சிறு புத்தகமும் எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் அந்த வருடத்தைப் பொறித்த பித்தளைப் பலகை திறக்கப்போகிறார்கள், கீழே வரலாற்றாசிரியர் என்று அவர் பெயரோடு. மஹதிக்கு இந்த வேலை காலியாக இருப்பதைச் சொன்னவரும் அவரேதான்.

"குடியும் பிள்ளை, ஆறப்போகுது," என்றார் அவளிடம். சாந்தகுமாரி கேட்டதற்கு, "நான் ஒரு நாளும் அதில கை வைச்சதில்லை. கதை சொல்லுறது மட்டும்தான் என்ர வேலை," என்றார்.

மூன்று மணிக்கு எல்லோரும் பொறிக்கு முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். சாந்தகுமாரி கேட்டுக்கொண்ட ஒரே சலுகை அது. ஹெலன் விசாரணைக் காகிதங்களை விரித்தாள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது.

"முதலில் மஹதி ஒன்று சொல்ல வேண்டும்," என்றார் சாந்தகுமாரி.

மஹதியின் முகம் வெளுத்தது. காரில் வரும்போதே இதைப் பேசியிருந்தார்கள். சொன்னால் வேலை போகலாம், சொல்லாவிட்டால் நிச்சயமாகப் போகும் என்று சாந்தகுமாரி சொல்லியிருந்தார். ஆனாலும் விசாவைக் கையில் பிடித்துக்கொண்டு உண்மை பேசுவது அத்தனை சுலபமா?

"பொட்டு வைத்தது நான்தான்," என்றாள். "நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் வைத்தேன். காலையில் உங்களிடம் பொய் சொன்னேன். ஆனால் உடைக்கவில்லை."

ஆன்டன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "அப்புறம் என்ன விசாரணை? முடிந்தது."

"உட்காருங்கள்," என்றார் சாந்தகுமாரி, விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லும் அதே குரலில். அவன் உட்கார்ந்தான். "அவள் வைத்தது மூன்று பொட்டு, மூன்றும் முன்பக்கம். இப்போது மூன்றாவது சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே பொட்டு வைக்க ஒரு கையை நுழைப்பதே கஷ்டம். நுழைந்தாலும் யாரும் முதுகுக்குப் பொட்டு வைப்பதில்லை. ஆக, பொட்டு வைத்த பிறகு யாரோ திருகை அரைச்சுற்றுத் திருப்பியிருக்கிறார்கள்."

"அவளே திருப்பியிருக்கலாமே?" என்றாள் ஹெலன்.

"பூஜையில் வைத்த கருவியை அன்றைக்குத் தொடமாட்டார்கள். மறுநாள்தான் எடுப்பார்கள். உங்கள் பேச்சையே மீறிப் பூஜை செய்த பெண், அந்தப் பூஜையின் விதியை ஐந்து நிமிடத்தில் மீறுவாளா? சரி, வழக்கத்தை விடுங்கள். இந்தத் திருகை இடப்பக்கம் திருப்பினால் இறுகும். காய்ந்த மரம், உள்ளே நகர இடமில்லாத மர ஆப்பிள்கள். இதை இறுக்க யாருக்கும் காரணம் இல்லை. திருப்பியவர் பலகையைத் தூக்கி அடியைப் பார்க்க நினைத்தார். மற்ற எல்லாத் திருகும் இடப்பக்கம்தானே தளரும்? அப்படித் திருப்பினார். அது இறங்கியது, சட்டம் பிளந்தது, பயந்து அப்படியே விட்டுவிட்டுப் போனார். மரை தலைகீழ் என்று அறிக்கை எழுதியவளே மஹதி. அவள் இந்தத் தவறைச் செய்ய முடியாது."

மழை தகரக் கூரையில் படபடவென்று இறங்கியது.

"அதே அறிக்கையில் கையெழுத்திட்டவர் ஹெலன். தவிர, ஒரு கையால் அந்தக் கைப்பிடியை அசைக்க முடியாது. ஆன்டன் பலகையைத் தூக்குவதை எனக்குக் காற்றிலேயே செய்து காட்டினார். அவர் கை தானாக வலப்பக்கம் போனது."

அவர் மீதியைச் சொல்லாமல் பழனிவேலைப் பார்த்துத் தலையசைத்தார். பழனிவேல் சமையலறைக் கையுறையையும், கார் நிறுத்துமிடத்து மரத்தில் சற்றுமுன் பறித்த ஒரு எலுமிச்சம்பழத்தையும் கொண்டுவந்தார். பழத்தை அறுத்துச் செங்கல் நிறக் கறையின் மேல் பிழிந்தார் சாந்தகுமாரி.

கறை எல்லோர் கண்ணெதிரிலும் மஞ்சளாக மாறியது.

"துரு இப்படி மாறாது. இது மஞ்சள். சோப்புப் பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் பழையபடி மஞ்சளாகும். இந்தக் கையுறை அந்தக் குமிழைத் தொட்டிருக்கிறது. தொட்டவர் கறையைப் போக்கச் சோப்புப் போட்டிருக்கிறார். மஞ்சள் சிவப்பாகிவிட்டது."

பழனிவேல் துள்ளினார். ஆங்கிலத்தை மறந்தே போனார். "அப்ப தமிழ் ஆளே இல்லக்கா! மஞ்சக் கறையில சோப்புப் போட்டா சிவந்துடும்னு நம்ம ஆளுங்க எல்லாருக்கும் தெரியுமே!"

"எல்லாருக்குமோ?" சாந்தகுமாரியும் தமிழில் கேட்டார். "தமிழருக்குத் தெரியும் எண்டு ஆர் சொன்னது? உடுப்புத் தோய்ச்ச ஆக்களுக்குத்தான் தெரியும்." பிறகு மெதுவாகத் திரும்பினார். "தவராசா அண்ணை, உங்கட சட்டையை ஆர் தோய்க்கிறது?"

தவராசா தன் சட்டைக் கையைப் பார்த்தார். நாற்பது வருடமாக வெள்ளைச் சட்டையைத் தேய்த்து நீட்டிய மனைவி அவர் வீட்டில் இருக்கிறாள். அவர் ஒரு கைக்குட்டையைக்கூடக் கசக்கியதில்லை. எந்தத் திருகு எந்தப் பக்கம் தளரும் என்று பொறியியலாளருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நம்பிக்கை வேறு. யானைக்கும் அடி சறுக்கும்.

அவர் எழுந்து நின்றார். ஹெலனிடம் சொல்வதைவிட மஹதியிடம்தான் சொன்னார்.

"நீர் இண்டைக்குக் கழட்டப் போறீர் எண்டு எனக்குத் தெரியும். அடியில வேற வருசம் இருந்தா? முப்பத்தொண்டு, நாற்பது எண்டு ஏதும் இருந்தா? பத்து வருசமா நான் சொன்னதெல்லாம் பொய். பித்தளைப் பலகை போகும். இந்த நாட்டில என்னை ஒருத்தரும் மிஸ்டர் எண்டு கூப்பிட்டதில்லை பிள்ளை. இஞ்சதான் கூப்பிட்டவை. நேற்றுப் பின்னேரம் வந்தனான், உமக்கு முன்னம் ஒருக்காப் பார்ப்பமெண்டு. பொட்டைக் கண்டனான். பூசையில வைச்சதெண்டு தெரிஞ்சும் தொட்டனான். மரம் வெடிச்ச சத்தம் என்ர எலும்பு முறிஞ்ச மாதிரி இருந்தது."

"காலைல என்னைத் திட்டினப்போ பக்கத்துலதானே நின்னீங்க, அங்கிள்?" என்றாள் மஹதி. "எனக்கு டீ கொண்டுவந்தீங்களே."

"ஓம்," என்றார் தவராசா. "அதுதான் எல்லாத்திலயும் பெரிய பிழை."

பிறகு அவர் ஹெலனுக்கும் ஆன்டனுக்கும் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மஹதிக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஹெலன் விசாரணைக் காகிதங்களை மூடிவைத்தாள். "மஹதி, பொட்டுக்கும் பொய்க்கும் எழுத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு," என்றாள் கடைசியில். "வேலை உன்னுடையதுதான். ரெசிடென்ஸுக்குக் கேட்டிருந்த கடிதத்தில் நாளைக்குக் கையெழுத்திடுகிறேன். அடுத்த வருடம் இதே கேள்வியோடு என்னிடம் வா, பொறிக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு அதன்மேல் என்ன செய்யலாம் என்று யோசிப்போம்."

மஹதி இரண்டு கையையும் கூப்பினாள். பழனிவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

"இன்றைக்குத் திறப்பதாகத்தானே இருந்தது?" என்றான் ஆன்டன். அவன் கோபம் எங்கே போனதென்று அவனுக்கே தெரியவில்லை. "திறந்துவிடு. அந்த மரத்துக்கும் மூச்சு விடக் கிடைக்கும்."

மஹதி புதிய கையுறையைப் போட்டுக்கொண்டாள். பூஜை முடிந்த மறுநாள், கருவியை எடுக்கிற நாள். கைப்பிடியைப் பிடித்து வலப்பக்கம் மெல்லத் திருப்பினாள். முனகிக்கொண்டே திருகு ஏறியது. சுவரைப் பார்த்திருந்த பொட்டு அரைச்சுற்றுச் சுற்றி மறுபடி அவர்கள் பக்கம் வந்தது. இன்னும் பல சுற்றுச் சுற்றிப் பலகையை உயர்த்திவிட்டு, ஆப்பிள்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். பலகைக்கு அடியில் கை விளக்கைப் பிடித்துத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

தவராசா வாசலை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்.

"அங்கிள்," என்று கூப்பிட்டாள். அவர் நின்றார், திரும்பவில்லை.

பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மரத்தில் சுட்டு எழுதிய நான்கு எண்கள். பழச்சாறு ஊறிக் கறுத்திருந்தாலும் தெளிவாக இருந்தன. மஹதி ஒவ்வொரு எண்ணாக உரக்கப் படித்தாள்.

"ஒண்ணு. ஒன்பது. பூஜ்யம். ரெண்டு."

பத்து வருடமாக அவர் பிள்ளைகளுக்குச் சொன்னது உண்மைதான். அதை நம்பாதவர் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான்.